கிராம் காக்காவும் காபன் சைக்கிளும்

கல்முனை வீதியில் இதுவரை ஓடிய சைக்கிள்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும், கிராம் காக்கா வாங்காமல் விட்ட சைக்கிள்களின் உயரத்துக்கு வராது. இலங்கையில் விற்பனைக்கு வந்த எந்தப் பந்தயச் சைக்கிளைப் பற்றிக் கேட்டாலும், அதைத் தான் ஏன் வாங்கவில்லை என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் தேநீர் ஆறி, கடைக்காரர் கோப்பையை எடுத்துக் கழுவியும் வைத்திருப்பார்.

உம்மாவும் வாப்பாவும் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். கல்முனைக்குடியில் அது யாருக்கும் தேவைப்படவில்லை; அண்ணன் என்ற முறையில் ஒரு 'காக்கா', அதற்கு முன்னால் ஒரு 'கிராம்' போதும். நகைக்கடை வைத்திருந்தார். எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். பேக்கரியிலிருந்து வரும் பாண், மருமகன் கொண்டுவரும் பேரீச்சம்பழப் பெட்டி, கலியாண அழைப்பிதழ் எல்லாம் தராசில் ஏறி இறங்கித்தான் அவர் வீட்டுக்குள் போகும்.

"இந்தக் காட் நாப்பத்திரெண்டு கிராம் மனே. மாப்புள வீடு வசதியான ஆக்கள்தான்."

இப்படியான செய்திகள் எனக்குச் சுவருக்கு அப்பாலிருந்து வரும். என் கடை பக்கத்துக் கடை. போன் விற்பதும் திருத்துவதும் என் தொழில். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர் தும்மினால் இங்கிருந்து நான் துஆ சொல்லுவேன்.

அறுகம்பேக் கடற்கரைக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் சிலர் சைக்கிளிலேயே எங்கள் ஊரைக் கடந்து போவார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவருக்குக் காக்காவின் கடை வாசலில் காற்றுப் போய்விட்டது. அந்த மனிதர் குந்தியிருந்து டியூப் மாற்றிக்கொண்டிருக்க, காக்கா வெளியே வந்து சைக்கிளைப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருப்பாரா? ஒற்றை விரலைக் கொடுத்துத் தூக்கினார். சைக்கிள் எழும்பியது. காக்காவின் இரண்டு புருவங்களும் கூடவே எழும்பின.

"மனே! ஓடி வா! இதுக்குள்ள என்ன, காத்தா?"

"காபன், காக்கா."

"காபன் எண்டா? பில் எழுதக்குள்ள நடுவுல வைக்கிற நீலப் பேப்பரா?"

"அந்தப் பேர்தான். ஆனா இது வேற சாமான். ஏழெட்டு இலட்சம் போகும்."

பாரம் கூடக் கூட விலை கூடும் என்பதுதான் அவர் ஆயுள் முழுக்கக் கண்ட உலகம். பாரம் குறையக் குறைய விலை கூடுகிற ஒரு பொருளும் அல்லாஹ்வுடைய பூமியில் இருக்கிறது என்பதை ஐம்பத்தெட்டு வயதில்தான் அறிந்தார். அன்று பின்னேரம் வந்த வாடிக்கையாளர்களுக்குக் காப்பைக் காட்டச் சொன்னால் தோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. நடக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கல்முனைக்குடியில் ஒரு நகைக்கடைக்காரர் எப்படி நடப்பது? ஒழுங்கைக்கு ஒழுங்கை பெண்கள் மறித்து, "காக்கா, இந்தத் தோட்டுட சுரை கழண்டு கழண்டு போகுது, கொஞ்சம் பாருங்களன்" என்பார்கள். நாலு வீடு தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். "சைக்கிள் எண்டா ஒருத்தரும் மறிக்க ஏலா" என்று அவர் வீட்டில் போய் வாதாடினார்.

அவருடைய மனைவி ஹபீபா ராத்தாவுக்கு நிந்தவூரில் சீதனமாக வந்த வயல் இருந்தது. அதன் குத்தகைக் காசு சேர்ந்திருந்தது. ராத்தா குறைவாகத்தான் பேசுவார். ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

"ஆறு இலட்சம், மச்சான். அதுக்கு மேல ஒரு ரூபாயும் போகப்படா. நோன்புக்கு முந்தி வாங்கல்லெண்டா அந்தக் காசு பாத்ரூம் டைல்ஸுக்குப் போகும்."

'ஒரே விலை' என்று பலகை தொங்கவிட்டு வியாபாரம் செய்த மனிதருக்கு ஒரே விலை சொன்ன முதல் ஆள் ராத்தாதான்.

அதற்குப் பிறகு என் கடைக் கொம்பியூட்டர் என்னுடையதாக இருக்கவில்லை. காலையில் கடையைத் திறந்தால் காக்கா உள்ளே வந்து வீடியோ பார்க்க உட்கார்ந்துவிடுவார். பிரேம், கியர், சக்கரச் சில்லு என்று எல்லாம் படித்தார். படித்ததை நகை வாங்க வந்தவர்களுக்குப் போதித்தார். மகளுக்குச் சங்கிலி எடுக்க வந்த ஒரு தாய், பின்பக்கக் கியரில் பல் கூடினால் மேட்டில் கால் நோகாது என்ற விளக்கத்தோடு வீடு போனார்.

தேநீர்க் கடையில் அவருடைய முதல் மாணவர் பாண்டிருப்பு நல்லதம்பி அண்ணன். கடற்தொழில் செய்பவர். காபன் நார்களை எப்படி அடுக்கி ஒட்டுகிறார்கள் என்று காக்கா சொல்லச் சொல்ல, பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்:

"எல்லாம் சரி காக்கா. என்ட தோணியும் பைபர்தான். அத வந்து ஆறு இலட்சம் தாறன் எண்டு ஒருத்தனும் கேக்கிறான் இல்லையே?"

"ஒங்கட தோணி எத்தின கிலோ?" என்றார் காக்கா, மிகவும் அக்கறையாக.

முதலில் ஒரு சைக்கிளைப் பார்க்க மட்டக்களப்புப் பக்கம் போனோம். விற்க வந்த இளைஞன் விலையை நாலு இலட்சம் என்றான். கறுப்பு நிறம், வலை பின்னியது மாதிரி மினுமினுப்பு. எனக்கு உடனே பிடித்துவிட்டது. காக்கா சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்தார். பொன் உரைக்கும் கல்!

"ஐயோ! என்ன செய்றீங்க?" என்று அந்த இளைஞன் பாய்ந்தான்.

"உரைச்சுப் பாக்கன் தம்பி."

சீட்டுக்குக் கீழே, ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில், ஒரேயொரு இழுவை. கறுப்பு ஸ்டிக்கர் உரிந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம் சிரித்தது. காக்கா கல்லைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "முலாம்" என்றார். அவ்வளவுதான். திரும்பி பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

அடுத்தது கொழும்பு. வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் ஐந்தே முக்கால் இலட்சத்துக்கு ஒரு சைக்கிள் போட்டிருந்தார். நகைத் தராசில் சைக்கிளை வைக்க முடியாது என்பதால், காக்கா நல்லதம்பி அண்ணனிடம் மீன் நிறுக்கும் தொங்கு தராசை இரவல் வாங்கி, துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். பஸ்ஸில் எங்களைச் சுற்றி இரண்டு சீட் கடைசிவரை காலியாகவே வந்தது.

பொறியியலாளர் ஐயாவின் வீட்டு மாமரக் கிளையில் தராசு தொங்கியது. தராசில் சைக்கிள் தொங்கியது. காக்கா கண்ணைச் சுருக்கி முள்ளைப் படித்துக்கொண்டிருக்க, மதிலில் ஒரு பூனை வந்து குந்தியது. பிறகு இன்னொன்று. பிறகு அந்த ஒழுங்கையில் இருந்த அத்தனை பூனைகளும் வந்து, சைக்கிளை அண்ணாந்து பார்த்தபடி கச்சேரி தொடங்கின.

"என்ன மணக்குது?" என்றார் ஐயா.

"சூரை மீன். நேத்துக் கொஞ்சம் கூடப் பட்டிரிக்கி" என்றார் காக்கா, முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐயாவின் முகம் சிவந்தது. "தயவுசெய்து உந்தத் தராசக் கழட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கோ!"

காக்கா தராசைக் கழற்றினார், ஆனால் வெளிக்கிடவில்லை. நகை பார்க்கும் சின்னக் கண்ணாடியை ஒரு கண்ணில் செருகிக்கொண்டு நிலத்தில் படுத்துவிட்டார். பிரேமை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். மோதிர விரலால் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். டிக், டிக், டிக் என்று வந்த சத்தம், பெடல் பூட்டியிருந்த இடத்துக்குக் கிட்ட வந்ததும் டொக் என்றது.

"ஐயா, இஞ்ச ஒரு வெடிப்பு. மேலால பெயின்ட் பூசிரிக்கி."

ஐயா குனிந்து பார்த்தார். அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அவரும் இன்னொருவரிடம் வாங்கியவர்தான். கடைசியில், "நான் இதில மகனையும் ஏத்தி விட்டிருக்கிறன்" என்றார். எங்களுக்குத் தேநீர் தந்தார். பூனைகளுக்குப் பால் வைத்தார்.

நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. டைல்ஸ் கடைக்காரர் மாதிரிக்கு நாலு டைல்ஸ் கொண்டுவந்து ராத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். காக்கா நாலையும் நிறுத்துப் பார்த்துவிட்டு, "சரியான பாரம்" என்று வெறுப்போடு சொன்னார்.

அந்த நேரத்தில்தான் திருக்கோவிலில் ஒரு இளம் டொக்டர் அகப்பட்டார். மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறார். சைக்கிளை விற்க வேண்டும். காபன் பிரேம், நல்ல கியர், காபன் சில்லு. காக்காவின் உயரத்துக்கென்றே செய்ததுபோல் அளவு. விலை ஏழு இலட்சம்.

"ஏழு எண்டா ஏன் காக்கா போறீங்க?" என்றேன்.

"பாக்கிறதுக்குக் காசு கேப்பாங்களா?"

பார்த்தார். உரைத்தார், தொங்கவிட்டார், தட்டினார், படுத்தார். டொக்டரின் அம்மா இரண்டாவது தடவையும் தேநீர் ஊற்றினார். காக்கா எழும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"டொக்டர், குறை ஒண்டும் கண்ணுல படுதில்ல. எனக்குப் பயமாரிக்கி."

டொக்டர் சிரித்தார். காக்கா பட்ட பாட்டைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "உங்களிட்ட எவ்வளவு இருக்கு காக்கா?"

"ஆறு."

"சரி, ஆறுக்கே எடுங்க."

எனக்குச் சந்தோசத்தில் கை தட்டலாம் போலிருந்தது. காக்காவோ கன்னத்தில் அறை வாங்கியவர்போல நிமிர்ந்தார்.

"கூடாது டொக்டர். இது ஏழு பெறும். பெறுமதி தெரிஞ்சவன் குறைச்சு வாங்கினா அது களவு."

சொல்லிவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போயே போய்விட்டார்! நான் பின்னால் ஓடினேன். வீதியோர மதகில் குந்தியிருந்தார். "அவர் மனம் விரும்பித் தாறார் காக்கா" என்றேன். "ஒரு இலட்சத்த ராத்தாவுக்கிட்ட கேட்டுப் பாருங்களன்" என்றேன். என் சொல்லைத் தட்டாமல் ராத்தாவுக்குப் போன் எடுத்தார். மறுபக்கம் "ஆறு" என்ற சத்தம் எனக்கே கேட்டது. போன் வைக்கப்பட்டதும் கேட்டது.

காக்கா எழும்பி, சாரத்தைத் தட்டிவிட்டு, திரும்ப உள்ளே போனார்.

"டொக்டர், இந்தச் சைக்கிளுக்கு வேற சில்லு இரிக்கா?"

இருந்தது. சைக்கிளோடு வந்த பழைய அலுமினியச் சில்லுகள், சாக்குக்குள். காபன் சில்லுகளைக் கழற்றித் தனியாக விற்றால் இலட்சத்துக்குக் குறையாமல் போகும் என்று டொக்டரே சொன்னார்.

"அப்ப அதக் கழட்டி வெச்சுக்கங்க. இதப் பூட்டித் தாங்க. இப்ப இது ஆறுதான் பெறும். ஆறு தாறன்."

சில்லு மாற்றியதும் மறுபடி நிறுத்தார். முள் இறங்கிய இடத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நானூத்தி இருவது கிராம் கூட" என்றார் மெல்ல. பிறகு மனதுக்குள் கணக்குப் போட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அம்பத்திரெண்டரைப் பவுண் மனே! ரெண்டு பொம்புளப் புள்ளயக் கட்டிக் குடுக்கலாம்!"

வீடு போய் ராத்தாவிடமும் அதையே முறையிட்டார். ராத்தா சைக்கிளையும் பார்த்தார், அவர் வயிற்றையும் பார்த்தார்.

"நானூறு கிராம் தானே? மறுகா என்ன, இதுல குறைச்சா ஆச்சு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் கருப்பட்டி போட்டுச் செய்யும் வட்டிலப்பம் நின்றுபோனது.

வெள்ளிக்கிழமைகளில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நாங்கள் சிலர் தெற்கே மிதித்துப் போய், ஜும்ஆவுக்கு முன் திரும்பிவிடுவோம். காக்காவும் வரத் தொடங்கினார். சப்பாத்து பெடலோடு பூட்டிக்கொள்ளும் என்பதை முதல் நாள் நிந்தவூரில் மறந்துபோய், பிரேக் பிடித்து நின்று, நின்றபடியே பக்கவாட்டில் சாய்ந்து, மரக்கறித் தட்டில் படுத்தார். பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து நடத்துனர், "ஏறுறீங்களா காக்கா, சீட் இரிக்கி" என்றார். காக்கா முதலில் சைக்கிளைத் தட்டிப் பார்த்தார். டிக் என்றது. அதற்குப் பிறகுதான் தன் முழங்காலைப் பார்த்தார்.

எங்கள் எல்லாருடையதையும் விட நல்ல சைக்கிள் அவருடையதுதான். எங்கள் எல்லாருக்கும் பின்னால் வருபவரும் அவர்தான். வழியில் ஸலாம் சொன்னவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னால் எப்படி முந்துவது? ஆனாலும் சீனி இறங்கியது. வயிறும் இறங்கியது.

போன வருடம் இளைய மகளுடைய பிள்ளைப்பேற்றுக்கென்று கம்பளைக்குப் போனவர், பேரனை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். ஆஸ்பத்திரித் தராசை நம்பாமல் பேரனை வீட்டில் மறுபடி நிறுத்தாராம். கடையில் இப்போது மூத்த மருமகன் இருக்கிறார். சுவருக்கு அப்பால் யாரும் தும்முவதில்லை.

காக்கா கம்பளைக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு கோமாரி வரை போனோம். திரும்பும்போது என் பின் டயர் வெடித்தது. டியூப் அல்ல, டயரே கிழிந்துவிட்டது. முன்னால் போனவர்கள் காற்றுச் சத்தத்தில் கவனிக்கவில்லை, போனும் எடுக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் கடைசியாக வந்த காக்கா மட்டும் நின்றார். டயரை அமர்த்திப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் செய்யத் தெரியாது.

இரண்டு பேரும் ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் உட்கார்ந்தோம். தேங்காய் ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் போகும் லொறி ஒன்று வரும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். காக்கா கதைக்கத் தொடங்கினார். ராத்தாவைப் பெண் பார்க்கப் போன கதை, முதன்முதலில் உருக்கிப் பழுதாக்கின காப்பின் கதை, சுனாமியில் கடல் வந்த நாளில் கடையை இழந்து மறுபடி ஒரு மேசையோடு தொடங்கின கதை. அத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் நான் கேட்டிராத கதைகள்.

ஜும்ஆ நேரம் நெருங்கியது. "காக்கா, நீங்க போங்க. ஒங்கட சைக்கிளுக்கு என்ன? இப்ப மிதிச்சாலும் பள்ளிக்குப் போய்ச் சேரலாம். நான் லொறியில வாறன்" என்றேன்.

அவர் எழும்பவே இல்லை. தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் ஏதோ விசர்க் கதை கதைத்ததுபோல என்னைப் பார்த்தார்.

"தனியப் போறதுக்கா மனே இத வாங்கின?"

லொறி வந்தது. சைக்கிள்களைத் தேங்காய்க்கு மேலே ஏற்றினோம்; ஜும்ஆவுக்கும் நேரத்துக்கே போய்ச் சேர்ந்தோம். ஆனால் அந்த லொறி இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுவதுண்டு.