ரத்தம் குடுக்க அம்மன்கிட்ட உத்தரவு கேட்ட கதை

மேல் லயம்,
மடுல்சீமை.

அன்பிலும் அதட்டலிலும் குறைவில்லாத அக்கா சுபாஜினிக்கு, தங்கை விஜயலெட்சுமி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வயிறும் சுகம். வத்தளையில் நீயும் மச்சானும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் நீ பேசுகிறாய், நான் 'ம்' கொட்டுகிறேன். கடுதாசியில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

நாப்பதை எட்டுற வயசுல மொதப் புள்ள உண்டாயிருக்கு, அந்தப் புது ரத்த டெஸ்ட்டைச் செஞ்சே ஆகணும்னு நீ போட்ட சத்தத்துல, பஸ்ல குலுங்கிக் குலுங்கி பதுளைக்குப் போய் டொக்டரம்மாவைப் பாத்தேன். நல்ல மாதிரி. "வயித்துல ஊசி குத்த வேண்டியதில்ல, ஒங்க கையில எடுக்கிற ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவோம், புள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் மாதிரி ஏதும் இருக்குமான்னு ஓரளவு தெரியும்"னாங்க. தெரிஞ்சு என்னங்க பண்றதுன்னு கேட்டேன். "மனசைத் தயார்படுத்திக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில பெத்துக்கலாம்"னாங்க. வீட்டுல பேசிட்டு முடிவு சொல்றேன்னு வந்துட்டேன். வீட்டுல யாரோட பேச?

கட்டார்ல வேலை பாக்குற எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டா, "ஒன் இஷ்டம் விஜி"ன்னாரு. கொழம்புக்குப் புளி போடவான்னு கேட்டாக்கூட ஒரு பதில் சொல்ற மனுசன்! ஒன் இஷ்டம்னா என்னக்கா அர்த்தம், நீயே தனியா கெடந்து சாவுன்னுதானே? இதுக்குள்ள என் ரத்தம் பிளேன் ஏறப் போகுதுன்னு தோட்டத்து லயத்து வீடுக பூரா பரவி, சீக்காளியைப் பாக்க வர்ற மாதிரி பிஸ்கட் பாக்கெட்டும் கையுமா ஆளுங்க வந்து ஒக்காந்துட்டாங்க. ஒருத்தி கண்ணு பட்டுடும்னா. இன்னொருத்தி, "அப்படியே எனக்கும் சுகர் பாத்து அனுப்பச் சொல்லு"ங்கிறா. கொண்டாந்த பிஸ்கட்டை அவங்களே தேத்தண்ணியில தொட்டுத் தின்னுட்டுப் போய்ட்டாங்க. போனப்புறம் எங்க ஒத்த ரூம் காம்பரா வெறிச்சுன்னு ஆயிருச்சு.

கடைசில எங்க மாமியார் ரெங்கம்மா, அம்மனே சொல்லட்டும்னு பூக்கட்டிப் பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க. வெள்ளைப் பூ வந்தா ரத்தம் குடுக்கலாம், செவப்பு வந்தா கூடாது. பொட்டலம் ரெண்டையும் மடிச்சது அவங்கதான். பூசாரி மாரிசாமி ஒண்ணை எடுத்துப் பிரிச்சாரு, செவப்பு. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அதோட விட்டாரா மனுசன்? கை சும்மா இருக்காம மத்ததையும் பிரிச்சாரு. அதுவும் செவப்பு! பூசாரிக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. "அம்மன் ரொம்ப உறுதியா இருக்கா"ன்னு சமாளிச்சாரு.

வர்ற வழியில ஏன் மாமி இப்படின்னேன். "பதிலு தப்பா வந்தா எம் மகன் அங்கயே தங்கிருவான்டி, அவன எனக்குத் தெரியும். தெரியாம இருந்தா வந்து ஒருக்காவாச்சும் புள்ளையத் தூக்குவான்"னு அழுதாங்க. எனக்குக் கோவமே வரல. நானும் அதை நெனச்சுத்தான் பயந்துகிட்டிருந்தேன்.

ஆகவே அக்கா, ரத்தம் கொடுப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. எப்படிப் பொறந்தாலும் எம் புள்ள. நீ சோலியை விட்டுட்டு வர வேணாம், லயம் நெறைய ஆளு இருக்கு, எனக்கு ஒரு பயமும் இல்ல. மச்சானுக்கு என் வணக்கத்தையும், பிறக்கப்போகும் பிள்ளை சார்பில் உனக்கு ஒரு உதையையும் அனுப்பி முடிக்கும்,

உன் தங்கை
விஜயலெட்சுமி

பி.கு: மேல எழுதினதை நம்பாத. பதுளைக்குப் போன அன்னைக்கே ரத்தம் குடுத்துட்டுத்தான் வந்தேன். அப்புறம்தான் அம்மன்கிட்ட போய் உத்தரவு கேட்டு நின்னேன், அவ மன்னிக்கட்டும். இப்ப டொக்டரம்மாகிட்டயிருந்து போன் வந்துச்சு. நூத்துக்கு நூறு சொல்ல முடியாது, ஆனா நல்ல பதிலுதான், பயப்படாதீங்கன்னாங்க. சந்தோசத்துல வாசலுக்கு ஓடியாந்தேன். யார்கிட்டக்கா சொல்றது? மாமிகிட்ட சொன்னா லயத்துக்கே தெரிஞ்சுரும், அம்மன் சொல்லை மீறுனவன்னு காலத்துக்கும் பேசுவாங்க. அவரு டியூட்டியில, போன் எடுக்கல. ஒனக்கு அடிச்சேன், ஒரு ரிங் போனதுமே ஒப்பாரி வச்சுருவேன்னு கட் பண்ணிட்டேன். நீ கெளம்பி வா. நேர்ல ஒருக்கா சொல்றேன். நீ ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டுட்டு, "அடியே, நெசமாவா!"ன்னு சத்தம் போடணும்.