எனக்கு நானே போட்ட புள்ளிகள்

தன்னடக்கத்தால் பதவி உயர்வை இழந்தவர்கள் சங்கம் என்று ஒன்று இருந்தால், அதற்கு நான்தான் தலைவி. (அந்தப் பதவியையும் "எனக்கென்ன தெரியும், வேற ஆரையாவது போடுங்கோ" என்று சொல்லித் தொலைத்துவிடுவேன்.)

எங்கள் வீட்டில் தன் வாயால் தன்னைப் புகழ்வது, ஈரத் தலையோடு வெளியே போவதைப் போன்ற குற்றம். பள்ளிக்கூடச் சோதனை எப்படி என்று கேட்டால் "ஏதோ செய்தனான்" என்றுதான் சொல்லவேண்டும். "நல்லாச் செய்தனான்" என்றால் அம்மா ஒரு பார்வை பார்ப்பா. ஆனால் நான் அங்கால் போனதும், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி முழுவதற்கும் என் புள்ளிகளை அம்மாவே சொல்லி முடித்திருப்பா. புகழ்வது அம்மாவின் வேலை, "சும்மா இருங்கோ அம்மா" என்று நெளிவது என் வேலை. இந்த ஏற்பாடு இருபத்தெட்டு வயது வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

அப்போது கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில், ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிக்கும் பிரிவில் இருந்தேன். எங்கள் சூப்பர்வைசர் கனடாவுக்குப் போய்விட, அவருடைய வேலையை எல்லாம் மாதக்கணக்கில் நான்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்குவதும் நான்தான், அவர்கள் படிக்கும் பாடக் குறிப்புகளை எழுதியதும் நான்தான். அந்தப் பதவி எனக்கு வேண்டும். கண்ணை மூடினால் சூப்பர்வைசரின் கண்ணாடி அறைதான் தெரிந்தது. ஆனாலும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். (அதாவது தொடர்மாடிக்கே சொன்னேன்.)

அந்த நேரம் பார்த்து நிஹால் என்று ஒரு புது மனேஜர் வந்தார். பல வருடம் வெளிநாட்டில் வேலை செய்தவர், மிக நல்ல மனிதர். சொன்னதைச் சொன்னபடியே நம்புவார், அதுதான் சிக்கல். ஒவ்வொருவரும் தனக்குத்தானே ஐந்துக்குப் புள்ளி போட வேண்டும், அதை வைத்து அவரோடு கதைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பதவி யாருக்கு என்று முடிவு என்றார்.

கலியாண வீட்டில் "போதும், போதும்" என்று இலைக்கு மேலே கையை விரிக்கிறோம். உண்மையிலேயே போதும் என்று யாராவது நினைப்பார்களா? விரல் இடுக்கால் வடை வந்து விழும். அந்த நம்பிக்கையில்தான் நானும் புள்ளி போட்டேன். வேலை அறிவு: இரண்டு. நேரந்தவறாமை: மூன்று. (அங்கே இன்னும் குறைத்தால் காவலாளியே சிரிப்பார்.) தலைமைத்துவம்: ஒன்று. தலைமைத்துவத்துக்குப் போய் ஒருத்தி தானே புள்ளி போடுவாளா, வெட்கமில்லாமல்? மனேஜர் பதறிப்போய் "இதென்ன, நீங்களா ஒன்று?" என்று கேட்பார், நான் நெளிவேன், அவர் ஐந்தாக்குவார். இதுதான் திட்டம்.

எனக்கு அடுத்த மேசையில் கொட்டாஞ்சேனைப் பொடியன் தினேஷ். வேலையை என்னிடம்தான் பழகினான். அவன் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தான். ஏனடா இப்படி என்று கேட்டதற்கு, "எனக்கு வேலை தெரியும்தானே அக்கா, பிறகு ஏன் குறைக்கோணும்?" என்றான். பாவம், பொடியனுக்கு உலகம் தெரியவில்லை என்று உச்சுக் கொட்டினேன்.

மனேஜர் என் புள்ளிகளை வாசித்தார். பதறவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"உங்கள் நேர்மைக்கு நன்றி," என்றார் ஆங்கிலத்தில். "இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது."

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானோ பழக்க தோஷத்தில், "பரவாயில்லை சேர், ஏதோ சமாளிக்கிறன்" என்றேன். அவர் முகம் இன்னும் உருகிவிட்டது. யோசிக்க வேண்டாம், எதையும் பழகலாம் என்று தைரியம் சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரம் தினேஷ் சூப்பர்வைசர். நான் மருதானையில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான ஆரம்ப வகுப்பில். ரயில் போகும்போதெல்லாம் அதிரும் ஒரு மேல்மாடி அறை, பள்ளிக்கூடம் முடித்து அப்போதுதான் வந்த பிள்ளைகள், நடுவில் நான். கையில் தந்தார்கள் ஒரு பாடக் குறிப்பு. நான் எழுதியது. (இரண்டாம் பக்கத்தில் ஒரு பிழைகூட இருந்தது. அதுவும் என்னுடையது.)

படிப்பித்தது தினேஷ். ஒவ்வொரு வசனத்துக்கும் என் முகத்தைப் பார்த்தான். இடைவேளையில் ஓரமாக வந்து, "அக்கா, நீங்க முன்னுக்கு இருந்தா எனக்குக் கதையே வருதில்ல. சேரிட்ட போய் உண்மையச் சொல்லுங்களேன்" என்று கெஞ்சினான். நான் எப்படியடா என்ர வாயால சொல்லுறது என்றேன்.

வகுப்பு முடிகிற நாளன்று மனேஜரே வந்தார். நேரே என்னிடம் வந்து, இப்போது விளங்குகிறதா என்று அன்பாகக் கேட்டார். என் வாழ்க்கையில் ஒரு மனிதர் இதைவிடத் தெளிவாகக் கதவைத் திறந்துவிட முடியாது.

"கொஞ்சம் கொஞ்சம் விளங்குது சேர்."

எனக்காக வகுப்பை இன்னும் ஒரு வாரம் நீட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். நன்றாகத் தெரிந்த வேலை, ஆசைப்பட்ட வேலை, வாயடக்கத்தால் போய்விட்டதே! அம்மாவோ தொடர்மாடியில் "பிள்ளையை ஸ்பெஷல் ட்ரெயினிங்குக்கு எடுத்திருக்கினம்" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தா. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வேலை செய்கிற கந்தோரில் எனக்கு அம்மா இல்லை. அங்கே என்னைப் புகழ என்னை விட்டால் ஆளே கிடையாது.

அடுத்த வருடம் புள்ளி போடும் நேரம் தினேஷ் என் மேசைக்கு வந்தான். "அக்கா, நீங்க குறைச்சுப் போட்டா நான் கூட்டமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனான். தலைமைத்துவத்துக்கு நான்கு போட்டேன். களவெடுத்தவள் மாதிரி வேர்த்தது. அவனுக்கு இன்னும் பெரிய பதவி கிடைத்தபோது அந்தக் கண்ணாடி அறை எனக்கு வந்தது. அறைக்குள் குளிர் தாங்க முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது "எனக்கு அவ்வளவு வராது" என்று இழுத்தால், "மருதானைக்கு அனுப்புவமோ?" என்று கேட்பார்கள். என் கணவர்தான் இதில் முன்னணி. நான் சமையலைப் பற்றி, ஸ்கூட்டர் ஓட்டுவதைப் பற்றி, எதைப் பற்றித் தாழ்த்திக் கதைத்தாலும் மருதானைக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்.

போன கிழமை மகளின் வகுப்பில், இந்த மாதம் எப்படிப் படித்தாய் என்று தனக்குத்தானே நட்சத்திரம் கீறிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். கணக்குக்கு நேரே பெரிய பெரிய நட்சத்திரங்களாக ஐந்து கீறி, மஞ்சளும் அடித்துக்கொண்டு வந்து காட்டினாள். அதே கொப்பியில் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்றும் எழுதியிருந்தாள். "பிள்ளை, இப்படி எல்லாம் தனக்குத் தானே..." என்று நான் தொடங்கவும், பேப்பருக்குப் பின்னால் இருந்து கணவரின் குரல் வந்தது.

"மருதானை."

ஐம்பத்து நாலை மட்டும் ஐம்பத்தாறு ஆக்கச் சொன்னேன், நட்சத்திரங்களில் கை வைக்கவில்லை.