இஞ்சண்ணனின் மூன்றடித் தொட்டி

மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் மீன் செத்துவிடுமோ என்று கவலைப்படுவார்கள். மீன் வந்துவிடுமோ என்று கவலைப்பட்டவர் உலகத்திலேயே மரக்காணம் இஞ்சண்ணன் ஒருவர்தான்.

உப்பளச் சாலையில் லாரிகளை எடை போடும் எடைமேடையில் அவருக்கு வேலை. சக்கரம் மேடைக்குள் நிற்கிறதா என்று ஜன்னல் வழியே பார்த்து, "ஒரு இஞ்சு முன்னாடி வாப்பா" என்பார். வந்ததும், "ஒரு இஞ்சு பின்னாடி" என்பார். டிரைவர்கள் வைத்த பேர் நிலைத்துவிட்டது. நான் அப்போது அந்த ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன்.

அவர் வீட்டு முன்னறையில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி இருந்தது. தொட்டிக்குள் காடும் மலையும் அமைக்கிறவர்களை யூடியூபில் பார்த்ததிலிருந்து அண்ணன் ஆள் மாறிவிட்டார். கல், கட்டை, செடி மூன்றையும் வைத்துத் தண்ணீருக்குள் ஒரு மலையடிவாரம் உண்டாக்க வேண்டும். மீன் கடைசியில்தான்; அதற்கு முன்னால் விட்டால் செடியைப் பிடுங்கி, மணலைக் கிளறிவிடுமாம். கடைசி எப்போது என்று அவர் சொல்லவில்லை. தெருவில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். அவர்கள் வந்து தொட்டியை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மீன் எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று முடிவு செய்து போவார்கள்.

கட்டை கழுவெளி ஏரிக்கரையில் ஒதுங்கிக் கிடந்தது. மான் கொம்பு மாதிரி கிளை விட்டிருந்தது. உப்பில் ஊறிய கட்டை என்பதால் வேகவைத்துத்தான் உப்பை எடுக்க வேண்டுமாம். அது நுழையும் பாத்திரம் எங்கள் தெருவில் யாரிடமும் இல்லை. கூனிமேட்டில் கல்யாணங்களுக்குப் பிரியாணி செய்யும் பாய் ஒருவர் தன் பழைய தேக்சாவைக் கொடுத்தார், அடுப்பையும் பற்றவைத்தார். அதன் பிறகுதான், எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று கேட்டார். எட்டு மணி நேரம் என்றார் அண்ணன்.

பாய் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். "எந்த ஊரு கெழ ஆடுப்பா இது?"

தண்ணீர் டீ மாதிரி சிவக்கச் சிவக்க மாற்றிக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் அந்த வழியாகப் போன இரண்டு பேர் பார்சல் உண்டா என்று விசாரித்ததாகப் பாய் பிறகு சொன்னார்.

கல்லுக்காக இடையஞ்சாவடிப் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் நான்கு ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். ஒவ்வொரு கல்லின் மேலும் அண்ணன் எலுமிச்சம்பழம் பிழிந்து பார்ப்பார். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்த கல், தண்ணீரைக் கெடுத்துவிடும். நுரைக்காத ஒரு கல் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தூக்குவதற்குக் கையில் சாக்கு இல்லை. அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று, அடையாளத்துக்குப் பிழிந்த பழத்தை அதன் மேலேயே வைத்துவிட்டு வந்தோம்.

அடுத்த வாரம் போனபோது கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். அங்கே நின்ற ஓர் அம்மா எங்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். அண்ணன் கழற்றினார், கும்பிட்டார், திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார். பிறகு நாலடி தள்ளிக் கிடந்த வேறு கல்லை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஒருநாள் தொட்டித் தண்ணீரை டெஸ்ட் பண்ணித் தரச் சொல்லி லேபுக்கே வந்துவிட்டார். பேர் வயது எழுதாத பாட்டிலை வாங்க மாட்டேன் என்றேன். 'தொட்டி, 3 மாதம்' என்று எழுதிக் கொடுத்தார். அந்த ரிப்போர்ட் மற்ற ரிப்போர்ட்டுகளோடு கலந்து டாக்டர் மேஜைக்குப் போய்விட்டது. டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"யூரின்ல சர்க்கரை இல்ல, புரோட்டீன் இல்ல, எல்லாம் நார்மல். ஆனா மூணு மாசக் கொழந்தைக்கு எதுக்கு இவ்ளோ தண்ணி குடுக்கறாங்க?"

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

எங்கள் ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம். செடியெல்லாம் பழுப்பாகிவிட்டது. அதனால் அண்ணன் ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் நான்கு கேன்களைக் கட்டிக்கொண்டு கிளியனூர் போய், ஒரு விவசாயியின் மோட்டார் கொட்டகையில் தண்ணீர் பிடித்து வருவார். அந்த விவசாயிக்குச் செல்வி என்று ஒரு மகள். முப்பத்து மூன்று வயது, மெயின் ரோட்டில் தையல் கடை வைத்திருந்தார். பெரியவர் சில மாதம் கவனித்துவிட்டு ஒருநாள் அண்ணனைக் கட்டிலில் உட்காரவைத்து, மனசில் இருப்பதைச் சொல்லிவிடும்படி கேட்டார்.

அண்ணன் உருகிப்போய்ச் சொன்னார். "இந்த மாதிரி வேற எங்கயும் கெடைக்காதுங்க. விட்டுட மனசே இல்ல."

அடுத்த வாரம் பதினோரு பேர் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்து இறங்கினார்கள். அண்ணன் மறுக்கவில்லை. கேன் மூடி தொலைந்தபோது செல்வி இரண்டு முறை தேடிக் கொடுத்தாராம். அண்ணனுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லாததால் மாப்பிள்ளை வீட்டார் முழுவதும் நானே. டீ கொடுத்தேன். எல்லோரும் மரியாதையாக மீனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். செல்வி மட்டும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தொட்டியைப் பார்த்தார்.

"கட்டைய நட்ட நடுவுல வெச்சிட்டீங்க. கண்ணு அங்கயே நின்னுடுது. பின்னாடி எவ்ளோ எடம் இருக்குது, ஒண்ணுமே தெரியல."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பெரியவர் எழுந்து வேட்டியை உதறினார். பெண் ஒரு வார்த்தை சொன்னதற்கே மூஞ்சியைத் திருப்புகிறவருக்குப் பெண் கொடுப்பதாக இல்லை, இனிமேல் தண்ணீருக்கும் வர வேண்டாம் என்று வாசலில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு நாள் அண்ணன் யாரோடும் பேசவில்லை. எடைமேடையில் லாரிகள் இஷ்டத்துக்கு நின்றன. ஐந்தாம் நாள் நான் போய், மன்னிப்புக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று கோபமாகவே கேட்டேன்.

"கோவம்லாம் இல்லப்பா. அவங்க சொன்னது சரி. ஒரு வருஷமா தெனம் பாக்கறேன், எனக்குத் தெரியல. அவங்க ஒரு நிமிஷம்தான் பாத்தாங்க. அதான் பேச்சு வரல."

அன்றே தொட்டியைக் காலி செய்தோம். செடிகளை ஒவ்வொன்றாகப் பக்கெட்டுக்கு மாற்றினோம். கட்டையை இடது ஓரத்துக்குத் தள்ளிச் சாய்த்து, கல்லைப் பின்னால் கொண்டுபோய், மணலைப் பின்பக்கம் மேடாக ஏற்றினார். நடுவில் ஒரு சின்னப் பாதை தானாகவே உண்டானது. தண்ணீர்தான் இல்லை. வறண்ட தொட்டியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு தையல் கடைக்குக் கிளம்பினார். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிப்போனார்.

செல்வி மெஷினை நிறுத்திவிட்டுப் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இப்ப அந்தக் கல்லு பின்னாடி போயி உக்காரலாம் போல இருக்குது."

"ரெண்டு பேரு உக்காரலாங்க" என்றார் அண்ணன். அவர் வாழ்நாளில் பேசிய காதல் வசனம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஏன் தண்ணீர் ஊற்றவில்லை என்று செல்வி கேட்டார். அப்பா வர வேண்டாம் என்று சொன்னதை அண்ணன் சொன்னார். செல்வி கத்தரிக்கோலை வைத்துவிட்டு, பாதி தைத்த ஜாக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு, எங்களோடு கொட்டகைக்கு வந்து தானே மோட்டாரைப் போட்டார். பெரியவர் வரப்பில் நின்று பார்த்தார். மோட்டாரை நிறுத்தவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

கல்யாணப் பத்திரிகையில் அச்சிட்டிருந்த பேரைப் பார்த்து மாப்பிள்ளை யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. வீடு வீடாகப் போய் விளக்க வேண்டியிருந்தது. பிரியாணிக்குக் கூனிமேட்டுப் பாய்தான். ஆடு சீக்கிரமே வெந்துவிட்டது என்றார்.

ஆறு மாதத்தில் எனக்குத் திண்டிவனத்தில் வேறு வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று மத்தியானம் சொல்லிக்கொள்ளப் போனேன். கதவு திறந்திருந்தது. இரண்டு பேரும் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, ஒரு செடியின் இலையைச் சுட்டிக்காட்டி ஏதோ ரகசியம் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றேன். கூப்பிடத் தோன்றவில்லை.

பஸ்ஸில் ஏறியபிறகு போன் பண்ணினேன். ஒரு வார்த்தை நேரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டார். வந்தேன் என்று இன்று வரைக்கும் நான் சொல்லவில்லை.