விசாரணை அண்ணை பெட்டிங் சைட்டை விசாரித்த கதை

லண்டனில் இருக்கும் தமிழர்களில் பாதிப் பேருக்குக் கலியாணம் நடந்ததற்கும், மீதிப் பாதிப் பேருக்கு நடக்காமல் போனதற்கும் ஒரே மனிதர்தான் காரணம் என்று எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். அவர் விசாரணை அண்ணை. தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவென்று நாங்கள் இருக்கும் கோலியர்ஸ் வுட்டில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருடைய பூர்வீகத்தையும் கிண்டி எடுத்த மனிதரிடம் போய்ப் பெயர் கேட்கும் துணிவு எங்களுக்கு வரவில்லை.

சம்பந்தம் பேசுமுன் மாப்பிள்ளை எப்படிப்பட்டவர், வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்கள் என்று சத்தமில்லாமல் விசாரிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். ஊரில் என்றால் இரண்டு தெரு நடந்தால் போதும். இங்கே பக்கத்து வீட்டில் இருப்பவர் போலந்துக்காரர், எதிர் வீடு ஆறு மாதமாகப் பூட்டு. இப்படிப்பட்ட ஊரிலும் அண்ணை விசாரித்தார். மாப்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார். அந்த வீட்டோடு யார் கோபமோ அவரைத் தேடிப் பிடித்து, அவர் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு வருவார்.

ஒரு முறை ஒரு டொக்டர் மாப்பிள்ளை. படிப்பு, குணம், சாதகம் எல்லாம் பொருந்தியது. அண்ணை எப்படியோ அவருடைய காரில் லிப்ட் வாங்கி ஏறிப் போயிருக்கிறார். வந்து, சம்பந்தம் வேண்டாம் என்றார். பெடியன் வழிகாட்டும் மெஷினோடு சண்டை பிடிக்கிறானாம். உயிரில்லாத சாமானையே இப்படி ஏசுகிறவன் கட்டிக்கொண்டவளை என்ன பாடு படுத்துவான் என்பது அவர் வாதம். மணப்பெண் வீட்டார் பயந்துபோய் அன்றே கதையை நிறுத்திவிட்டார்கள்.

கலியாணத்தோடு நின்றாரா என்றால் இல்லை. நாங்கள் பிரிட்ஜ் வாங்கப் போனால், அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தவர் யார் என்று கடைக்காரனைக் குடைவார். அவர் மட்டும் தனிக்கட்டை. உங்களுக்கு ஏன் ஒன்றும் சரிவரவில்லை என்று என் மனைவி ஒரு நாள் கேட்டே விட்டாள். என்னைப் பற்றி விசாரித்துச் சொல்ல இங்கே வேறு ஆள் இல்லையே என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

இந்த மனிதரிடம்தான் என் மனைவியின் தம்பி குகன் ஒரு பெட்டிங் சைட்டைக் கொண்டுபோனான்.

குகன் சுப்பர்மார்க்கெட் வானில் வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பவன். தங்கமான பெடியன். ஆனால் போனில் பந்தயம் கட்டப் பழகி, வீடு வாங்கச் சேர்த்து வைத்ததையெல்லாம் புட்போல் மட்சிலும் சுழலும் சக்கரத்திலும் விட்டுவிட்டான். அவன் மனைவி வதனி ஒரு முறை மன்னித்தாள். இன்னொரு முறை தொட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிங்ஸ்பரியில் தமையன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

கொஞ்ச நாள் அடங்கி இருந்தான். பிறகு, பிழை தன்னில் இல்லை, முன்பு போன சைட்டுகள் சரியில்லை என்று தொடங்கினான். இந்தப் புதுச் சைட் லைசன்ஸ் உள்ளதாம், வென்ற காசை ஒழுங்காகக் கொடுப்பார்களாம். விசாரணை அண்ணை பார்த்துச் சரியென்றால் தன்னை விளையாட விட வேண்டும், பிழையென்றால் தானே அதைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்தான். வதனி யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். அவளுக்குக் குகனை விசாரித்து, நல்ல பெடியன், கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம் என்று சொன்னவர் அதே அண்ணைதான்.

அண்ணைக்கு பெட்டிங் சைட் என்றால் என்னவென்று தெரியாது. அதனால் தனக்குத் தெரிந்த முறையில் விசாரித்தார். அதாவது, சைட் மாப்பிள்ளை வீடு. குகன் பொம்பிளை.

முதலில் என் லப்டொப்பில் உட்கார்ந்து, உதவிக்கு என்று அந்தச் சைட்டில் வரும் பெட்டியில் ஒரு பெண்பிள்ளையோடு கதைத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். உங்கள் கொம்பனிக்குத் தாய் தகப்பன் யார், சொந்த இடம் எது, முன்பு வேறு பெயரில் இருந்ததா, அந்தப் பெயரை ஏன் விட்டீர்கள். அந்தப் பிள்ளை மிகப் பொறுமையாக, இன்று எந்த விளையாட்டில் பந்தயம் கட்ட விரும்புகிறீர்கள் என்று கேட்டது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பலகாரத் தட்டை நீட்டுகிறார்கள் என்று அண்ணை ஒரு குறை எழுதிக்கொண்டார்.

பிறகு, கொம்பனி விலாசத்தைப் பார்க்கக் குரோய்டனுக்கு ட்ராமில் போனோம். ஒரு பெரிய கட்டடம். வாசற்பலகையில் வேறு வேறு கொம்பனிகளின் பெயர்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒரு கதவுக்குள்ளே இத்தனை குடும்பமா என்று கேட்டபடி அண்ணை அண்ணாந்து பார்த்தார். உள்ளே விடவில்லை. பக்கத்துக் கோப்பிக் கடையில் விசாரித்தோம். அவர்களுக்கு அந்தக் கொம்பனியோடு கோபமும் இல்லை, பழக்கமும் இல்லை.

திரும்பும் வழியில் ட்ராமுக்குக் காத்து நிற்கும்போது அண்ணை வழக்கத்துக்கு மாறாகத் தன்னைப் பற்றிச் சொன்னார். அகதியாக வந்த புதிதில் இதே குரோய்டனில்தான் குடிவரவு அதிகாரிகள் அவரை விசாரித்தார்களாம். எந்த ஊர், தகப்பன் பெயர் என்ன, நீர் சொல்வதற்கு யார் சாட்சி என்று மணிக்கணக்காகக் கேள்வி.

"எனக்காக வந்து, ஓம், இவனை எனக்குத் தெரியும், இவன் சொல்றது உண்மையெண்டு சொல்ல ஒருத்தரும் இருக்கேல்லை," என்றார். "அண்டைக்கு யோசிச்சனான், ஒரு மனுசனுக்கு அப்பிடிச் சொல்ல ஒரு ஆள் வேணும்."

இவரை வைத்து நாங்கள் எவ்வளவு சிரித்திருக்கிறோம் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

அடுத்து, தானே ஒரு கணக்குத் திறந்தார். திறக்குமுன் சைட் அவருடைய பிறந்த திகதி, விலாசம், அடையாள அட்டை எல்லாம் கேட்டது. அண்ணைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நல்ல குடும்பம், ஆளை விசாரித்துத்தான் உள்ளே எடுக்கிறார்கள் என்றார். சேருகிறவர்களுக்குப் போனஸ் என்றார்கள். அதைப் பல தடவை பந்தயத்தில் கட்டி முடித்த பிறகுதான் வெளியே எடுக்கலாம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. சீதனம் தருகிறார்கள், ஆனால் வாசல் படலை தாண்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அதற்கு விளக்கம் சொன்னார். போனஸைத் தொடாமல், போட்ட காசை அப்படியே திருப்பிக் கேட்டுப் பார்த்தார். ஒழுங்காக வந்து சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் தீர்ப்பு. குகன் சவரம் செய்து, நல்ல சேர்ட் போட்டு வந்திருந்தான். வதனி நாற்காலியின் நுனியில் இருந்தாள். தமையனுக்கு அறிவித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று என் மனைவி காதுக்குள் சொன்னாள்.

அண்ணை தேநீரை முழுவதும் குடித்து முடித்தார். லைசன்ஸ் உண்மை, கேட்ட காசு திரும்பி வருகிறது, சைட்டில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை என்றார். குகனின் முகம் மலர்ந்தது. வதனி எழும்பிவிட்டாள்.

"இரு பிள்ளை," என்றார் அண்ணை. "மாப்பிளை வீட்டை மட்டும் விசாரிக்கிறேல்லை. பொம்பிளை வீட்டையும் விசாரிக்கிறது. தம்பி, உன்னையும் விசாரிச்சனான்."

குகன் வேலை செய்யும் இடத்துக்குப் போயிருக்கிறார். அவனோடு யாருக்குக் கோபம் என்று தேடியிருக்கிறார். ஒருவரும் அகப்படவில்லை. எல்லோரும் நல்லவன் என்றார்கள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் வானுக்குள் போனோடு இருக்கிறான், கூப்பிட்டாலும் கேட்பதில்லை, ஏதும் வருத்தமோ என்று அவரையே திருப்பிக் கேட்டார்களாம்.

"சைட் நல்ல சைட்தான். ஆனா உன்னை அதுக்குக் குடுக்க ஏலாது," என்றார் அண்ணை. "அங்கை போனா நீ திரும்பி வரமாட்டாய்."

குகன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் போனை எடுத்து மேசையில் வைத்தான்.

"என்னாலை விட ஏலாமல் கிடக்கு, அண்ணை," என்றான். "அதுதான் உண்மை."

எந்த மாப்பிள்ளை வீட்டைப் பார்த்தாலும் அண்ணை கட்டாயம் விசாரிக்கும் விசயம் ஒன்று உண்டு. பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் திரும்பி வர வழி இருக்கிறதா என்பது. அந்தச் சைட்டிலும் அதைத் தேடியிருக்கிறார். உள்ளே வர எங்கு தொட்டாலும் கதவு, வெளியே போக மட்டும் அடியில் ஒரு சின்ன வரி. தன்னைச் சேர்க்க வேண்டாம் என்று ஒருவர் தானே பதிந்துகொண்டால், இந்த நாட்டில் லைசன்ஸ் உள்ள எந்தச் சைட்டும் அவரை உள்ளே விடக்கூடாதாம். அதைக் குகனின் போனில் திறந்தபோது, எத்தனை காலம் என்று கேட்டது. இருப்பதில் கூடினதைத் தொடு என்றார் அண்ணை. குகன் தொட்டான். வதனி திரும்ப உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கதவைப் பூட்டினால் ஆசை போய்விடாது என்பது அண்ணைக்குத் தெரியும். அதனால் சனிக்கிழமைகளில் மட்ச் தொடங்கும் நேரம் பார்த்து, விசாரணைக்கு வண்டி ஓட்ட வா என்று குகனைக் கூப்பிடத் தொடங்கினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் விசாரிக்க அந்த வருடம் லண்டனில் அவ்வளவு கலியாணங்கள் பேசப்படவே இல்லை. யாரும் கேட்காத மாப்பிள்ளைகளையெல்லாம் அண்ணை தேடித் தேடி விசாரித்தார். ஒன்றும் அகப்படாத கிழமைகளில், ஏற்கெனவே கட்டிக் குடித்தனம் நடத்துகிறவர்களை விசாரித்தார்கள். குகன் ஒன்றிரண்டு தடவை ஒளித்துப்போய்த் தெருவோரப் பந்தயக் கடையில் காசு கட்டியிருக்கிறான். அதையும் அண்ணை கண்டுபிடித்து, ஏசாமல், வதனியிடம் அவனையே சொல்ல வைத்தார். அவள் கிங்ஸ்பரிக்குப் போகவில்லை.

போன மாரிக் குளிரில் அண்ணைக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். நானும் குகனும் போயிருந்தோம். தாதி வாங்கி வைத்திருந்த தன் வீட்டுச் சாவியையும் வங்கி அட்டையையும் குகனிடம் கொடுத்து வைக்கச் சொன்னார். இவர் யார், உறவா, நம்பிக் கொடுக்கலாமா என்று தாதி தயங்கினாள். குகன் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்தான்.

அண்ணை ஒக்சிஜன் குழாயைக் கொஞ்சம் விலக்கினார்.

"குடுங்கோ பிள்ளை," என்றார் அந்த ஆங்கிலப் பெண்ணிடம், சுத்தத் தமிழில். "நான் விசாரிச்சிட்டன்."

அந்தக் கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டார். சனிக்கிழமைகளில் குகன் இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறான். மட்ச் முடியும்வரை இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறான். நான் எனக்குத் தெரிந்த மட்டும் ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பேன். நாலு கேள்விக்கு மேல் எனக்கு வருவதில்லை. அந்த மனிதர் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கலாம்.