வடிகாலில் ஒரு மாப்பிள்ளை, தண்டவாளத்தில் ஒரு மாப்பிள்ளை

என் இளைய மகளின் கணவரும், ரயில்வேயில் பாலங்களைக் கவனிக்கும் பொறியாளருமான சின்ன மாப்பிள்ளை அவர்களுக்கு, மெத்தைக் கடை மாமனார் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் நலம் பொய்யாகிவிடும் என்பதால் ஆவலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கீழே கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் குரலை உயர்த்தினால், “மாமா, ரயில் போகுது, ஒண்ணும் கேக்கல” என்று வைத்துவிடுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் உங்களுக்கு ரயில் போகிறது. மாப்பிள்ளையை மரியாதை குறைவாகப் பேசக்கூடாது என்று உங்கள் அத்தை என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் படிக்கிறாள். ஆகவே ‘நீங்கள்’ போட்டே திட்டுகிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு, அதை ஒட்டி ரயில் மேடு என்பது பெண் பார்க்க வந்த நாளிலிருந்தே உங்களுக்குத் தெரியும். மேட்டுக்கு அடியில் தண்ணீர் போக ஒரு சின்ன ஓட்டை இருந்தது. எங்கள் தெருவின் மழைத் தண்ணீர் அதன் வழியாக முக்கி முனகியாவது போய்க்கொண்டிருந்தது. நகரத்தை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று மாநகராட்சி கிளம்பியது. அந்த வேலைக்குப் பொறுப்பாக வந்தவர் உங்கள் சகலை, என் பெரிய மாப்பிள்ளை. நான் பெருமைப்பட்டேன். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். லாரியே உள்ளே போகிற அகலத்துக்கு வடிகால் கட்டி, என் வீட்டுப் பக்கம் ரயில்வே வேலிவரை கொண்டுவந்து அப்படியே நிறுத்திவிட்டார். லாரி போகிற வடிகால் பானை நுழையாத ஓட்டையில் முடிந்தால் அது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை இல்லையா? முன்பெல்லாம் எங்கள் தெருத் தண்ணீர் மட்டும்தான் என் வாசலுக்கு வரும். இப்போது நகரமே திரண்டு வந்து நிற்கிறது. நான் போய்ப் பெரிய மாப்பிள்ளையிடம் கேட்டேன். “வேலிக்கு அந்தப் பக்கம் நான் கால் வைக்க முடியாது மாமா. ஓட்டையை அவங்கதான் பெருசாக்கணும்” என்றார். உங்களிடம் கேட்டேன். “எங்களைக் கேட்டுக்கிட்டா அவ்ளோ பெரிய வடிகால் கட்டினாங்க?” என்றீர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது நனையாமல் இருக்கும்.

நீங்கள் இருவரும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. சொத்துத் தகராறா, பெண் தகராறா? நீங்கள் கார் வாங்கிக்கொண்டு வந்த அன்று பின்பக்கமாக எடுத்தீர்கள், அவர் பின்னால் நின்று “வரலாம், வரலாம்” என்றார், கார் என் கேட்டுத் தூணில் போய் முட்டியது. “நான் நிறுத்தச் சொன்னேன்” என்கிறார் அவர். “வரச் சொன்னார்” என்கிறீர்கள் நீங்கள். உடைந்தது என் தூண்! தூணுக்குச் சொந்தக்காரன் நானே மறந்துவிட்டேன். நீங்கள் இருவரும் அதை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு நகரத்தின் தண்ணீரை என் கடைக்குள் தேக்கி வைத்திருக்கிறீர்கள்.

கூட்டு ஆய்வு என்று ஒன்று நடத்தினீர்களே, அதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். இரண்டு துறைகளும் ஒருங்கிணைந்து செயல்படும் என்று பேப்பரில் போட்டிருந்தது. அந்த ஒருங்கிணைப்பு நான்தான் என்று போடவில்லை. நீங்கள் மேட்டின் மேல் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடையோடு நின்றீர்கள். உங்கள் சகலை கீழே தெருவில் டேப்போடு நின்றார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். “மாமா, எவ்ளோ அகலம் வேணும்னு அவர்கிட்ட கேளுங்க” என்றீர்கள். இறங்கினேன். “அவர் எவ்ளோ தருவார்னு முதல்ல கேளுங்க மாமா” என்றார். ஏறினேன். இந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு ஒரு முற்பகல் முழுக்க ஏறி இறங்கினேன். உங்கள் துறை ஆட்களும் அவர் துறை ஆட்களும் கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொண்டீர்கள். ஆழத்தை எங்கிருந்து அளப்பது என்பதில். அவர் அளவுக்கல்லை நீங்கள் ஏற்கவில்லை, உங்கள் தண்டவாளத்தை அவர் ஏற்கவில்லை. பொதுவாக என் கடை வாசற்படியை எடுத்துக்கொண்டீர்கள். படியின் மேல் அவர் ஆள் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து வடிகாலின் தரை எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் ஆட்கள் சாவகாசமாக அடுத்த மாதம் வந்தார்கள்.

இடைப்பட்ட நாளில் மழை வரப்போகிறது என்றார்கள். வெள்ளம் வருகிற வீட்டுக்காரன் என்ன செய்வான்? கொத்தனாரைக் கூப்பிட்டுப் படியின் மேல் இரண்டு வரிசை செங்கல் வைத்துப் பூசச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், கோடு மறைந்துவிட்டதே என்று அதே மஞ்சள் பெயிண்டை வாங்கிவந்து புதுப்படியின் மேல் போட்டுக் கொடுத்துவிட்டார். உங்கள் ஆட்கள் அதே ஆழத்தை அந்தப் புதுக்கோட்டிலிருந்து அளந்தார்கள். மேட்டைக் குடைந்து பெரிய குழாயாகத்தான் போட்டீர்கள், மறுக்கவில்லை. ஆனால் வடிகாலின் தரை எங்கே இருக்கிறதோ அதற்கு இரண்டு செங்கல் உயரத்தில் போட்டீர்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று நான் படித்திருக்கிறேன். அந்த ஒரு சாணில்தான் நான் முழுகினேன். நகரத்துத் தண்ணீர் வருகிறது, குழாயை அண்ணாந்து பார்க்கிறது, எட்டாது என்று தெரிந்ததும் திரும்பி என் கடைக்குள் வருகிறது. இப்போது இரண்டு பேரும், ஆளுக்கு ஒரு பக்கம் நின்றுகொண்டு, “தப்பு மாமாவோட படியிலதான்” என்கிறீர்கள். ஒரு நகரத்தை என் வாசற்படியை வைத்து அளக்கச் சொன்னது யார்? நானா?

போன வாரம் பெய்த மழையில், ஒரு கல்யாணப் பெண்ணுக்காகத் தைத்து வைத்திருந்த இரட்டை மெத்தை நனைந்துவிட்டது. இலவம்பஞ்சு. இந்த வெள்ளத் தடுப்புத் திட்டத்தில் இதுவரை உருப்படியாகத் தண்ணீரை இழுத்தது அந்த மெத்தை ஒன்றுதான். அதைத் தூக்க முடியவில்லை. பெண்ணின் அப்பா வந்து பார்த்துவிட்டு, “என்னங்க, மெத்தை கேட்டா குளம் தர்றீங்க?” என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏற்கெனவே நின்ற தண்ணீரில் அதுவும் சேர்ந்தது. மாப்பிள்ளை, இந்தக் கடைதான் எனக்கும் உங்கள் அத்தைக்கும் சோறு. இதை வைத்துத்தான் இரண்டு பெண்களையும் படிக்க வைத்து உங்கள் இருவர் கையிலும் கொடுத்தேன். இன்னொரு மழை இப்படி வந்தால் நான் கடையைப் பூட்டிவிட்டு உங்களில் ஒருவர் வீட்டு வரவேற்பறையில் வந்து உட்கார வேண்டியதுதான். எந்த வீடு என்பதையும் நீங்கள் இருவரும் கலந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகையால் முடிவாகச் சொல்கிறேன். வீம்பை மூட்டை கட்டி வையுங்கள். உங்கள் சகலையோடு ஒரே மேசையில் உட்காருங்கள். நேருக்கு நேர் பேசுங்கள். என்னை ஏறி இறங்க வைக்காதீர்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து எந்த முடிவு எடுத்தாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்கிறேன். அதுவரை உங்கள் வீட்டுப் பச்சைத் தண்ணீரைக்கூடத் தொடமாட்டேன். தண்ணீருக்கு இங்கே பஞ்சமும் இல்லை.

கோபம் உங்கள் மேல். ஆசி என் மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும். மிச்சம் இருந்தால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் அத்தை எழுதச் சொல்கிறாள். கால் காயாத நிலையில்,

உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில்தான் மாப்பிள்ளை, நீங்களே வந்தீர்கள். உங்கள் சகலையோடு, ஒரே குடையில். அக்காவும் தங்கையும் சேர்ந்து மிரட்டியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. இரண்டு பேர் கால்சட்டையும் ஒரே உயரத்துக்கு மடித்திருந்ததைப் பார்த்து எனக்கு மெய் சிலிர்த்தது. உங்கள் அத்தை மாடியில் வரைபடத்தை விரிக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவர் முடித்தீர்கள். குழாயே வேண்டாம், வடிகாலை நேராகக் கொண்டுபோய் மேட்டின் கீழ் அகலமாகப் பாலம் போட்டுவிடலாம், இரண்டு துறையும் கையெழுத்துப் போட்டாயிற்று, நகரத்துக்கு இனி வெள்ளமே வராது என்றீர்கள். குறுக்கே ஒரே ஒரு கட்டடம்தான் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் போதும் என்றீர்கள். “எந்தக் கட்டடம்?” என்று கேட்டேன். இருவரும் ஒரே குரலில் “மாமா...” என்று இழுத்தீர்கள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் முழங்கால் அளவுதான், பழகிவிட்டது. உங்களைப் பற்றி உங்கள் சகலை இத்தனை வருடமாக என்னிடம் சொல்லியதை எல்லாம் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் அவரைப் பற்றிச் சொன்னவை அவர் பெயருக்குத் தனி உறையில் போகின்றன. நன்றாகப் படியுங்கள். ரோஷமுள்ளவர் நீங்கள், நான் சொல்லித்தர வேண்டியதில்லை.