மாட்டு டாக்டரம்மாவின் உருட்டு ஜீப்

திண்டுக்கல் சீமையிலேயே மாடுகளுக்கு மரியாதை கொடுத்து, மனிதர்களை 'ஏலே' போட்டுப் பேசிய ஒரே டாக்டர் எங்கள் மாட்டு டாக்டரம்மாதான். வாசல் பலகையில் அவருடைய பெயர் இருந்தது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. பசுவிடம், "காலைச் செத்த நேரம் தூக்கிக்கிறீங்களா தாயி?" என்று கேட்பார். கயிற்றைப் பிடித்திருக்கும் ஊர்ப் பெரியவரை, "ஏலே, இறுக்கிப் பிடி" என்பார். பெரியவரும் பிடிப்பார். நிலக்கோட்டைக்கும் கொடைரோட்டுக்கும் நடுவில் மாடு வைத்திருந்த எவருக்கும் அதில் வருத்தம் இருந்ததில்லை.

நான் அப்போது மாடுகளுக்கு இன்சூரன்ஸ் போடும் ஏஜென்ட். மாடு ஆரோக்கியமாக இருக்கிறது என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால்தான் எனக்குப் பிழைப்பு. அதனால் அவருடைய வண்டியில் பக்கத்து சீட் எனக்கு நிரந்தரம்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைமேல் விடுதி நடத்திய ஒருவர், தன் குதிரையைப் பிழைக்க வைத்ததற்காக அம்மாவுக்குக் கொடுத்தது. கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. தடித்த டயர்கள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டு. அதை 'சைடு பை சைடு' என்று சொல்ல வேண்டுமாம். ஊர்க்காரர்கள் 'தவளை வண்டி' என்றார்கள். வரப்பு, வாய்க்கால், சேறு எல்லாவற்றையும் தாவிக் கடந்துவிடும். ஒரே குறை, அதை ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை. மெயின் ரோடு குறுக்கே வந்தால் அம்மா எஞ்சினை அணைத்துவிட்டு என்னை இறங்கித் தள்ளச் சொல்வார். ஓட்டினால்தான் அது வண்டி, தள்ளிக்கொண்டு போனால் வெறும் சாமான் என்பது அவர் கண்டுபிடித்த சட்டம். ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் இந்த விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் அவரும் ஒரு கை கொடுத்துத் தள்ளினார். அவர் வீட்டிலும் மாடு இருந்தது.

ஒரு மழைக்கு மறுநாள் காலை சின்னாளு போன் பண்ணினாள். ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைக்கிறவள். விடிவதற்கு முன்னாலிருந்தே பசு முக்குகிறது, கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது என்று அழுதாள். கிளம்பினோம். மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே பாதி தூரம் போனதும் 'டப்' என்று ஒரு சத்தம். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஓடுகிற பெல்ட் அறுந்துவிட்டது. விடுதிக்காரருக்குப் போன் போட்டோம். அந்த பெல்ட் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றார்.

அம்மா மருந்துப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு சேற்றில் நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் திட்டாமல் நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பயமாக இருந்தது.

கொஞ்ச தூரத்தில் செபஸ்தியானின் தோட்டம். வேப்பமரத்தடியில் ஒரு பழைய ஜீப் நின்றது. முழுக்க இரும்பு, மேலே கிழிந்த படுதா, பின் சீட்டில் அடைகாக்கும் கோழி. ஓடுமா என்று அம்மா கேட்டார்.

"ஓடும்மா. ஆனா செல்ஃப் எடுக்காது. தள்ளித்தான் விடணும்."

"அப்ப தள்ளுலே."

செபஸ்தியானும் நானும் பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்களும் சேர்ந்து தள்ளினோம். ஜீப் இருமியது, தும்மியது, பிறகு ஊரே கேட்கிற மாதிரி உறுமியது. கோழியை இறக்க நேரமில்லை. முழங்கால் சேற்றை அந்தக் கிழட்டு ஜீப் எருமை போல நிதானமாக மிதித்துக் கடந்தது. குலுக்கலில் என் பற்கள் ஒன்றோடொன்று தந்தியடித்தன. கோழி மட்டும் முட்டையை விட்டு அசையவில்லை.

தொழுவத்தில் அம்மா முழங்கைக்கு மேல் கையை விட்டு, மடங்கிக் கிடந்த காலை நேராக்கினார். "கொஞ்சம் பொறுத்துக்கங்க தாயி, இந்தா முடிஞ்சிரும்" என்று பசுவிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தார். கன்று வந்து விழுந்து, மூக்கைத் துடைத்ததும் தும்மியது. சின்னாளு அம்மாவின் காலில் விழப் போனாள். ஒரு அதட்டல் போட்டு, காபி போடச் சொல்லி அனுப்பினார்.

மறுநாளே, பெல்ட் வந்ததும் தோட்டத்துக்குள் ஓட்டிக்கொள்ளச் சொல்லி, தவளை வண்டியைச் செபஸ்தியானுக்குக் கொடுத்துவிட்டு ஜீப்பை வாங்கிக்கொண்டார். பேப்பர் எல்லாம் சரியாக இருந்ததால், இனி மெயின் ரோட்டில் ராஜா மாதிரி போகலாம் என்று நான் சந்தோஷப்பட்டேன். போனோம்தான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலிருந்து கிளம்பும்போதும் நான் தள்ள வேண்டியிருந்தது. சரிவே இல்லாத சமவெளி. என் சட்டைகள் தோள்பட்டையில் கிழிந்தன.

முதலில் சின்னாளுதான் ஒரு வழி செய்தாள். கிணற்றைத் தூர்வாரிய மண்ணை வீட்டு முன்னால் கொட்டி, சரிவாக மேடு கட்டினாள். ஜீப்பை அதன்மேல் நிறுத்தினால், கிளம்பும்போது லேசாக ஒரு தள்ளு போதும், உருண்டு ஸ்டார்ட் ஆகிவிடும். இதைப் பார்த்த பக்கத்து ஊருக்கு ரோஷம் வந்தது. அவர்களும் மேடு போட்டார்கள். அதற்கடுத்த ஊரில் இன்னும் உயரமாக. ஓர் ஊரில் ஆர்வக்கோளாறில் கோபுரம் மாதிரி எழுப்பிவிட்டார்கள். உச்சியில் ஏறிய ஜீப் நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்க, அடிவயிறு மேட்டில் தட்டி நின்றுவிட்டது. இறக்குவதற்கு ஊரே திரண்டது. அம்மா மேலேயே உட்கார்ந்து ஒவ்வொருவரையாகப் பேர் சொல்லித் திட்டினார்.

சில மாதம் கழித்து, திண்டுக்கல்லில் என் பைக்கைச் சரிபார்க்கப் போன இடத்தில் மெக்கானிக் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், டாக்டரம்மா ஜீப்புக்குச் செல்ஃப் மோட்டார் போட்டு ரொம்ப நாளாச்சு, சாவியைத் திருப்பினாலே எடுக்கும் என்று. எனக்குத் தோள்பட்டை பற்றி எரிந்தது. மறுநாள் சின்னாளு வீட்டு மேட்டில் வைத்தே கேட்டுவிட்டேன்.

அம்மா முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுலே, அவ காதுல விழுந்துறப் போகுது. அம்புட்டு மண்ணையும் அவ ஒருத்தியே சொமந்து போட்டிருக்கா. இதுல நிக்காமப் போனா அவளுக்கு மனசு விட்டுப்போகாதா?"

வாசலில் சின்னாளு கன்றைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் உருண்டு போவதைப் பார்க்கக் காத்திருந்தாள். நான் இறங்கி, ஜீப்பின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தேன். தேவையே இல்லைதான். ஆனாலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே தள்ளினேன்.