வில்லோமியர் கவுன்டிக்குக் கொண்டுபோன ஐம்பது றோல்ஸ்

மதிப்புக்குரிய பத்மநாதன் மாமாவுக்கு,

வோபர்னிலிருந்து அனோஜா. நானும் உங்கள் மருமகனும் எட்டு மாத மகளும் ஒரே படுக்கையறைக்குள் நலமாக நெரிபடுகிறோம். மாமியின் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மாமா, வீடு விற்பது உங்கள் தொழில், குறை சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அந்த வில்லோமியர் கவுன்டி வீட்டுக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன். “பக்கத்திலதான் பிள்ளை, ஒரு கோப்பி குடிச்சு முடிய வந்திடும்” என்றீர்கள். மூன்றே கால் மணித்தியாலம் ஓடினோம். அந்தக் கவுன்டிக்குள் யாழ்ப்பாணக் குடாநாட்டை மூன்று தரம் விரித்துக் காயப்போடலாம். சனமோ நல்லூர்த் தேரில் தொலைகிற செருப்பளவுக்கும் வராது. வரவேற்புப் பலகையில் சனத்தொகை 4,812. கடைசி இலக்கத்தை மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். மாட்டு வைத்தியர் மூன்று பேர். மனிதருக்கு ஆஸ்பத்திரி எழுபது கிலோமீற்றர். போதாததற்கு, ஸ்னோ வழிக்கிற ட்ரக் எங்கள் கேற்றுக்கு முன்னூறு மீற்றர் முந்தியே திரும்பிவிடுமாம். அங்கால் பக்கத்துக் கவுன்டியின் றோட்டாம். ஜனவரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்தக் கவுன்டியைக் கூப்பிடுவது?

“கவுன்சிலோட கதைப்பம்” என்றார் உங்கள் மருமகன். “வெறுங்கையோட போகேலாது” என்று ஐம்பது மட்டன் றோல்ஸும் வாங்கினார். மகளையும் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனோம். கவுன்சில் உறுப்பினர் ஐந்து பேர், கிளார்க் ஸ்டெபனி, மேசையில் றோல்ஸ். இது அன்பளிப்பா இலஞ்சமா என்று ஒரு மணி பத்து நிமிடம் விவாதித்தார்கள். ஒருவர் பிரேரித்தார், ஒருவர் வழிமொழிந்தார், வாக்கு இரண்டுக்கு இரண்டு. தலைவர் வாக்களிக்கவில்லை, ஏற்கெனவே ஒன்றைச் சாப்பிட்டிருந்ததால் நடுநிலை போய்விட்டதாம். றோட்டு விஷயம் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது.

“என்ன நேர்மையான ஆக்கள் பாத்தீரே!” என்றார் இவர்.

“ஓமப்பா, எங்கட ஊரெண்டா றோல்ஸும் போயிருக்கும், றோட்டும் வந்திருக்கும்” என்றேன் நான்.

ஆகவே வெள்ளிக்கிழமையை நிறுத்திவிடுங்கள். உங்கள் கொமிஷனை நினைக்கக் கவலைதான். பிள்ளையை நினைக்க அதைவிடக் கவலை. மாமிக்கு என் அன்பு. கடவுள் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், ஆஸ்பத்திரி தெரிகிற யன்னலையும் தரட்டும்.

அன்பு மருமகள்,
அனோஜா

பி.கு.: அனுப்பப் போகையில் ஸ்டெபனியின் ஈமெயில் வந்தது. கூட்டத்தில் மகளைப் பார்த்தாவாம். கவுன்டியின் பிள்ளை பார்க்கிற டே கெயாரில் கைக்குழந்தைக்கு இடம் கிடக்கிறதாம், எப்போது கொண்டுவருகிறீர்கள் என்று கேட்கிறா. இங்கே டே கெயாருக்கு வயிற்றில் இருக்கும்போதே பதிந்த பிள்ளை, நேற்றும் வரிசையில் இருநூற்றுப் பதினாறாவது. வீட்டிலிருந்து செய்கிற வேலைதான் என்றாலும், பிரசவ லீவு முடிந்து ஆறு கிழமையில் நான் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். மாமா, வெள்ளிக்கிழமைக் கையெழுத்தை வியாழனுக்கே வைக்கேலுமோ?